அலக்நந்தாவில் ராஃப்டிங்: ருத்ரப்பிரயாகையிலிருந்து வர முடியுமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அக்டோபர் கடைசியில் நாங்கள் நாலு பேர் ருத்ரப்பிரயாகையில் ராஃப்ட் (ரப்பர் படகு) ஏறி, ராத்திரி கரையில் கூடாரம் போட்டுத் தங்கி, ரிஷிகேஷ் வரை வரலாம் என்று இருக்கிறோம். எல்லாருமே பாலக்காட்டுச் சித்தூர்ப்புழையில் நீந்தி வளர்ந்தவர்கள். அது போதுமா? அம்மாவுக்கு வேறு கவலை: கங்கையில் செருப்புக் காலோடு இறங்கலாமா என்று. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

அத்திக்கோடு அக்கா:
தம்பி, ஒரே ஓட்டமாக வர முடியாது. நடுவில் ஸ்ரீநகர் அணை இருக்கிறது (காஷ்மீர் இல்லை, கட்வால் ஸ்ரீநகர்). தாரி தேவி கோயில் பக்கம் ஆறு ஏரி மாதிரி தேங்கிக் கிடக்கும். துடுப்புப் போட்டே தோள் கழன்றுவிடும். அணைக்குக் கீழே ஏறிக்கொள்ளுங்கள். அங்கேயும் தண்ணீர் திறப்பதைப் பொறுத்து மட்டம் ஏறும், அதனால் ராத்திரி ராஃப்டை நன்றாக மேலே இழுத்துக் கட்டணும். தேவப்பிரயாகைக்கும் ரிஷிகேஷுக்கும் நடுவில் இருக்கிற கௌடியாலாவுக்குக் கீழே மணலில் கூடாரம் என்று யாராவது சொன்னால் நம்பாதே, 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் அதை நிறுத்திவிட்டது.

நீச்சல் விஷயம். நம்ம புழையின் மூலத்தறைத் தடுப்பணை ஷட்டரைத் திறந்துவிட்டால் அதில் குதிப்பாயா? அந்த வேகத்தோடு குளிரையும் சேர்த்துக்கொள். விழுந்துவிட்டால் மல்லாந்து, ஆறு போகிற பக்கம் காலை நீட்டி, கால்விரல் தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி மிதந்து வா. இடுப்பளவுதானே என்று எழுந்து நிற்காதே. பாறை இடுக்கில் கால் மாட்டினால் பின்னால் வருகிற தண்ணீர் ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். லைஃப் ஜாக்கெட் போட்டதும் தோள்பட்டையைப் பிடித்து ஒருவரை மேலே இழுக்கச் சொல். காது வரை ஏறி வந்தால் இன்னும் இறுக்கணும்.

கௌடியாலா தாண்டி ‘தி வால்’ என்கிற பாய்ச்சல் வரும், ஆறு கிரேடு உள்ள அளவுகோலில் நாலுக்கும் மேல். கைடு இறங்கி நடக்கச் சொன்னால் பேசாமல் நட.

செருப்பு வேண்டாம், முதல் அலையிலேயே போய்விடும். கயிறு கட்டுகிற ஷூ போடு. அம்மாவின் மனசுக்கு, தேவப்பிரயாகையில் அதைக் கழற்றிவிட்டு முங்கு. அலக்நந்தாவோடு பாகீரதி வந்து சேர்ந்து கங்கை என்று பெயர் வாங்குவதே அங்கேதான். படித்துறையில் இரும்புச் சங்கிலி போட்டிருக்கிறார்கள், விடாமல் பிடித்துக்கொள்.

கொல்லங்கோடு மாமா:
தேவப்பிரயாகை என்றால் பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர். அங்கே கோயில்கொண்ட ரகுநாதரைச் சேவிக்காமல் ரப்பர் படகில் தாண்டிப் போவதாவது!

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
இதைக் காட்டியதும் அம்மா தானும் வருகிறேன் என்கிறாள். பஸ்ஸில் தேவப்பிரயாகைக்குக் கூட்டி வந்து சேர்ந்துகொள்ளலாமா?

அத்திக்கோடு அக்கா:
தாராளமாக. ரிஷிகேஷிலிருந்து 70 கிலோமீட்டர் சொச்சம், பூராவும் வளைவு. வாந்தி வரும் ஆள் என்றால் முன்சீட் பிடி. கோயிலுக்குப் படி நிறைய. அம்மாவுக்கு முட்டி எப்படி?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
பழநி படியே ஏறுகிறவள், அக்கா. ஷூ வாங்கத்தான் சம்மதிக்க மாட்டேன் என்கிறாள்.