கெட்டி அட்டைத் தொகுப்புகள்: பழைய காமிக்ஸைக் காப்பாற்றுகின்றனவா, மாற்றிவிடுகின்றனவா?

அலமாரிக்காரன்

நீளமான காமிக்ஸ் தொடர் ஒன்றை முழுசாக வைத்திருக்க ஆசைப்பட்டால், ஹார்ட்கவர் மறுபதிப்புத் தொகுப்புகளை வாங்குவதுதான் ஒரே வழி. இது என் கட்சி. தனி இதழ்களைத் தேடி அலைபவர்கள்மேல் மரியாதை உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது தொடர் அல்ல, தொடரின் நடுவே உள்ள ஓட்டைகள்.

ஸ்பைடர்மேனையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்வெல் பதிப்பகத்தின் ஹார்ட்கவர் வரிசையான மார்வெல் மாஸ்டர்வொர்க்ஸ் 1987இல் தொடங்கியது. அதன் முதல் தொகுப்பில் ஸ்பைடர்மேன் முதன்முதலில் தோன்றிய அமேசிங் ஃபேன்டஸி 15ஆம் இதழும் அமேசிங் ஸ்பைடர்மேனின் முதல் பத்து இதழ்களும் இருந்தன. அசலைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஏலக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். 2007இல் வந்த ஆம்னிபஸ்ஸில் ஸ்டீவ் டிட்கோ வரைந்த 38 இதழ்களும் ஒரே புத்தகத்தில் கிடைத்தன. முதலிலிருந்து வரிசையாகப் புரட்டும்போது டிட்கோவின் கோடு எப்படி மாறுகிறது, எந்த இதழிலிருந்து அவர் கதையைத் தன் கைக்குள் கொண்டுவருகிறார் என்பதெல்லாம் தெரிகிறது. உதிரியாக வாசித்தால் இது பிடிபடாது.

மாற்றுக்கருத்து உள்ளவர்கள் வரலாம்.

பழுப்புத்தாள்

வந்துவிட்டேன் நண்பரே.

நீங்கள் வைத்திருப்பது டிட்கோவின் கோடு என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? அந்தக் காலத்து இதழ்களில் பலவற்றுக்கு மூலப்படமும் இல்லை, அச்சுக்கு எடுத்த நல்ல ஃபிலிமும் இல்லை. அச்சான பிரதியிலிருந்துதான் கோட்டை மீட்க வேண்டியிருந்தது. ஸ்கேனரும் கணினியும் வருவதற்கு முன் கிரெக் தீக்ஸ்டன் என்பவர் இதற்கு ஒரு முறை வைத்திருந்தார். பழைய இதழின் பக்கங்களை ரசாயனத்தில் போட்டு வெளுப்பார். வண்ணம் போய்விடும், கறுப்புக் கோடு மிஞ்சும். அந்தப் பிரதியின் கதை அதோடு முடிந்தது. கோடு சரியாக மிஞ்சாத இடங்களில் வேறொருவர் பேனாவை எடுத்து இழுத்து நிரப்பியதும் உண்டு. அலமாரியில் மினுங்குகிற புத்தகத்தைப் பார்க்கும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வண்ணம். என் உண்மையான வழக்கு இதுதான். அன்றைய காமிக்ஸ் மட்டமான நியூஸ்பிரிண்ட்டில் அச்சானது. அந்தத் தாள் மையைக் குடித்துவிடும், போதாததற்குத் தாளே லேசான பழுப்பு. வண்ணம் போட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எவ்வளவு அடர்த்தியாகக் குறித்தாலும் அச்சில் மங்கும் என்ற கணக்கோடுதான் மஞ்சளையும் சிவப்பையும் குறித்தார்கள். அதே குறிப்பை வெள்ளைவெளேர் பளபள ஆர்ட் பேப்பரில் அப்படியே அச்சடித்தால் கண்ணில் குத்துகிறது. புள்ளி புள்ளியாக இருந்த சதைநிறம் பிளாஸ்டிக் பொம்மை நிறமாகிவிடுகிறது. இதற்குப் பெயர் மறுபதிப்பா?

அலமாரிக்காரன்

தீக்ஸ்டன் சில பிரதிகளை வெளுத்துப் பல்லாயிரம் வாசகர்களுக்குக் கதையைக் கொடுத்தார். நான் அவருக்கு நன்றிதான் சொல்வேன். இன்றைக்கு யாரும் வெளுக்கத் தேவையில்லை.

ஆர்ட் பேப்பர் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் அது பதிப்பாளரின் தேர்வில் உள்ள கோளாறு, கெட்டி அட்டையின் கோளாறு இல்லை. பளபளப்பில்லாத தாளில் ஹார்ட்கவர் போடக்கூடாது என்று எந்தச் சட்டமும் கிடையாது. ஃபேன்டாகிராஃபிக்ஸ் பதிப்பகம் 2009இல் தொடங்கிய, பிரின்ஸ் வேலியன்ட் என்ற செய்தித்தாள் படக்கதையின் தொகுப்புகளைப் பாருங்கள். அதை வரைந்த ஹால் ஃபாஸ்டர் தன்னிடம் வைத்திருந்த வண்ண அச்சுப்படிகளிலிருந்து எடுத்தது. 1937இல் செய்தித்தாள் வாங்கிப் படித்தவர்களுக்குக்கூட அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்காது.

திகில் கதைகளுக்குப் பேர்போன ஈசி காமிக்ஸும் அப்படித்தான். அதன் பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் ஏறக்குறைய எல்லா மூலப்படங்களையும் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அவற்றிலிருந்து ரஸ் காக்ரன் பெரிய அளவில், கறுப்பு வெள்ளையில், உறைப்பெட்டியோடு தொகுப்புகள் கொண்டுவந்தார். அதில் வரைந்த வாலி வுட்டின் தூரிகையை அதைவிட நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் மூலத்தையே வாங்க வேண்டும்.

பழுப்புத்தாள்

> கறுப்பு வெள்ளையில்

அங்கேதான் நிற்கிறது. ஈசி இதழ்களுக்கு வண்ணம் போட்டவர் மாரி செவெரின். ஒரு முகம் முழுக்க நீலம், பின்னணி முழுக்கச் சிவப்பு என்று போட்டே பயத்தை உண்டாக்கியவர். காக்ரனின் தொகுப்பில் அவருடைய பங்கு மொத்தமாகக் காணாமல் போனது. 2006இல் தொடங்கிய ஈசி ஆர்க்கைவ்ஸ் என்ற மறுபதிப்பு வரிசையில் வண்ணம் திரும்பி வந்தது, ஆனால் எப்படி? அவருடைய வண்ணங்களை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, கணினியில் நிழலும் வெளிச்சமும் சேர்த்து உருட்டிவிட்டார்கள். தட்டையாக இருந்ததுதான் அதன் பலமே. ஒருமுறை ஆளையே விட்டார்கள், மறுமுறை ஆளுக்கு ஒப்பனை போட்டுவிட்டார்கள்.

மூன்றாம்தொகுதி

நீங்கள் இருவரும் வண்ணத்தைப் பற்றிச் சண்டை போடும் அளவுக்குப் புத்தகங்களை வைத்திருக்கிறீர்கள். வாழ்க. என் கேள்வி வேறு: வரிசை முடியுமா, முடியாதா?

டிசி நிறுவனத்தின் ஹார்ட்கவர் வரிசையான டிசி ஆர்க்கைவ் எடிஷன்ஸ் 1989இல் ஆரம்பித்தது. இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டு நின்றுபோனது, பல வரிசைகள் பாதியில். நீங்கள் சொன்ன ஈசி ஆர்க்கைவ்ஸ், அதைப் போட்ட ஜெம்ஸ்டோன் நிறுவனத்துக்குப் பணமுடை வந்ததும் நின்றது. அப்புறம் கை மாறி, 2013இலிருந்து டார்க் ஹார்ஸ் பதிப்பகம் தொடர்ந்தது. இடையில் வாங்கியவர்களின் நிலைமையை யோசியுங்கள். டொனால்ட் டக் கதைகளை வரைந்த கார்ல் பார்க்ஸின் வரிசையை ஃபேன்டாகிராஃபிக்ஸ் 2011இல் தொடங்கியபோது முதலில் வந்ததே ஏழாம் தொகுதி! நல்ல கதைகள் முதலில் போகட்டும் என்ற வியாபாரக் கணக்கு. வாங்குகிறவன் அலமாரியில் ஆறு புத்தகத்துக்கு இடம் விட்டுக் காத்திருக்க வேண்டும்.

உரிமைச் சிக்கல் தனி. ரோம் என்ற விண்வெளி வீரன் ஒரு பொம்மைக்காக உருவான பாத்திரம். மார்வெலில் 1979 முதல் 1986 வரை 75 இதழ்கள் வந்தன. பொம்மையின் உரிமை வேறிடத்தில் இருந்ததால் ஆம்னிபஸ் வர 2024 ஆனது. இதில் அண்ணன் அலமாரிக்காரன் தனி இதழ் சேர்ப்பவர்களை ‘ஓட்டை’ என்கிறார். ரோம் விஷயத்தில் இத்தனை வருடம் முழுத் தொடரை வைத்திருந்தவர்கள் அவர்கள்தான்.

இன்னொன்று. மூன்றாம் தொகுதி எப்போதுமே குறைவாக அச்சாகிறது. முதல் தொகுதியை ஆர்வத்தில் எல்லாரும் வாங்குவார்கள், போகப்போக ஆள் குறையும், பதிப்பாளரும் அச்சைக் குறைப்பார். பிறகு நமக்கு வேண்டியது அதுவாகத்தான் இருக்கும். என் பெயர்க் காரணம் புரிந்திருக்கும்.

அலமாரிக்காரன்

ரோமுக்குத் தலைவணங்குகிறேன் தம்பி. ஆனால் சொன்னபடி முடித்தவர்களும் இருக்கிறார்களே. பீநட்ஸ் என்ற செய்தித்தாள் காமிக்ஸின் முழுத் தொகுப்பான தி கம்ப்ளீட் பீநட்ஸ்: 2004இல் ஆரம்பம், ஒரு புத்தகத்துக்கு இரண்டு வருடப் படக்கதைக் கீற்றுகள், வருடத்துக்கு இரண்டு புத்தகம், 2016இல் 26ஆம் தொகுதியோடு முற்றும். ஓவியர் செத் செய்த அதே வடிவமைப்பு கடைசி வரை. சார்ல்ஸ் ஷுல்ட்ஸ் 1950 முதல் 2000 வரை வரைந்தது அத்தனையும் ஒரே வரிசையில் நிற்கிறது. இதைக் கெட்டி அட்டையில்லாமல் செய்ய முடியுமா? பேப்பர்பேக் பத்து முறை புரட்டினால் முதுகில் வரி விழுந்துவிடும்.

பழுப்புத்தாள்

ஞாயிற்றுக்கிழமைக் கீற்றுகள் அதில் என்ன நிறம் சார்?

அலமாரிக்காரன்

கறுப்பு வெள்ளை. இந்தக் கேள்வி வரும் என்று தெரியும்.

டேப்லெட்வாசகன்

அண்ணன்மாரே, இத்தனை பாடு எதற்கு? ஆம்னிபஸ்ஸை மடியில் வைத்தால் கால் மரத்துப்போகிறது. ஆயிரம் பக்கப் புத்தகத்தில் இரட்டைப் பக்கப் படம் வந்தால் பாதி ஆள் நடுமடிப்புக்குள் போய்விடுகிறான். திரையில் படம் முழுசாகத் தெரியும், பெரிதாக்கியும் பார்க்கலாம், மூன்றாம் தொகுதி தீர்ந்தும் போகாது.

மூன்றாம்தொகுதி

தீர்ந்துபோகாது, சரி. கடையே போனால்? டிஜிட்டல் காமிக்ஸ் கடையான காமிக்ஸாலஜியின் தனிச் செயலியை 2023 டிசம்பரில் மூடி எல்லாவற்றையும் கிண்டிலுக்குள் தள்ளினார்கள். புத்தகங்கள் போய்விடவில்லை, ஆனால் வாசிக்கிற இடத்தை யாரோ ஒருவர் ஒரு நாள் மாற்ற முடிந்தது. என் அலமாரியை அப்படி மாற்ற வீட்டுக்காரர்களால்கூட முடியாது.

நடுமடிப்பு பற்றி: தையல் பைண்டிங் உள்ள ஹார்ட்கவர் நன்றாகத் தட்டையாக விரியும். வெறும் பசையில் ஒட்டியதுதான் நடுவைக் கடித்துக்கொள்ளும். வாங்கும்முன் முதுகின் மேல்நுனியைப் பாருங்கள். தாள்கள் சின்னச் சின்னக் கட்டுகளாக மடிந்திருந்தால் பெரும்பாலும் தைத்தது.

அலமாரிக்காரன்

வண்ணத்துக்கே திரும்புகிறேன். பழுப்புத்தாள் சார், ஒரு கேள்வி. பேட்மேனின் எதிரி ஜோக்கரைப் பற்றிய தி கில்லிங் ஜோக் 1988இல் வந்தபோது வண்ணம் போட்டவர் ஜான் ஹிக்கின்ஸ். ஆரஞ்சு, ஊதா, மஞ்சள் என்று ஒரே கூச்சல். ஓவியர் பிரையன் போலண்டுக்கு அதில் திருப்தியில்லை. 2008இல் ஹார்ட்கவர் வந்தபோது அவரே உட்கார்ந்து முழுக்க மாற்றினார். பழைய நினைவுக் காட்சிகளைக் கறுப்பு வெள்ளையாக்கி, சிவப்பை மட்டும் அங்கங்கே விட்டார். படம் வரைந்தவரே மாற்றினால் அதுவும் ஒப்பனையா?

பழுப்புத்தாள்

ஒப்பனை இல்லை, அது போலண்டின் பதிப்பு, அவ்வளவுதான். அழகாகவும் இருக்கிறது. ஆனால் இருபது வருடம் எல்லாரும் படித்துப் பயந்தது ஹிக்கின்ஸின் கூச்சலைத்தான். ஜோக்கரின் தலைக்குள் நடப்பது கூச்சல்தானே? சாம்பல் நிறத்தில் அது நாகரிகமாகிவிட்டது. வண்ணக்காரரும் அந்தப் படைப்பில் ஒரு ஆள். ஓவியருக்குப் பிடிக்கவில்லை என்பதால் வண்ணக்காரர் பெயரும் வேலையும் புதுப் பதிப்பில் இல்லாமல் போகலாம் என்றால், நாளைக்கு ஓவியர் வேலையும் எழுத்தாளருக்குப் பிடிக்காமல் போகலாம்.

நான் கேட்பது இரண்டு. மாற்றிய பதிப்பு வரட்டும், பழையதும் அச்சில் இருக்கட்டும். இரண்டாவது, எதிலிருந்து எடுத்தது என்று உள்ளே அச்சிடுங்கள்: மூலப்படமா, ஃபிலிமா, பழைய இதழின் ஸ்கேனா, வண்ணத்தில் கைவைத்தது யார். முன்னுரைக்கு எட்டுப் பக்கம் ஒதுக்குகிறவர்களுக்கு இதற்கு எட்டு வரி கிடைக்காதா?

அலமாரிக்காரன்

இரண்டாவதில் கையெழுத்துப் போடுகிறேன். முதலாவது நடக்காது. ஒரே கதையை இரண்டு வண்ணத்தில் அச்சில் வைத்திருக்க எந்தப் பதிப்பாளருக்கும் கட்டுப்படியாகாது. ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் போலண்ட் பக்கம்.

பழுப்புத்தாள்

நான் ஹிக்கின்ஸ் பக்கம். அந்த எட்டு வரி வந்தாலும் ஆர்ட் பேப்பரில் போட்டால் வாங்கமாட்டேன்.

மூன்றாம்தொகுதி

நீங்கள் வாங்காத பிரதி எனக்கு. எந்தத் தாளானாலும் பரவாயில்லை, மூன்றாம் தொகுதியாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள்.