வைகாசி, ஆனியில் உள்ளானைப் பார்த்தீர்களா?

வணக்கம் நண்பர்களே. கடலூர், புதுச்சேரிப் பக்கம் பறவை பார்க்கிறவர்களிடம் ஓர் உதவி.

உள்ளான் என்ற நீர்க்கரைப் பறவை நம் ஊரில் எந்த மாதம், எங்கே இருக்கிறது என்று குறிப்பு சேர்த்து வருகிறேன். இமயமலையிலும் அதற்கு வடக்கே ஆசியா, ஐரோப்பாவின் ஆற்றோரங்களிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஆடிக் கடைசியிலேயே தெற்கே வரத் தொடங்கிவிடும். சித்திரைக்குள் பெரும்பாலானவை கிளம்பிவிடும். சில மட்டும் போகாமல் இங்கேயே தங்கிவிடுவதுண்டு. எனக்கு வேண்டியது அவற்றைப் பற்றிய தகவல்தான்.

மைனாவைவிடச் சற்றுச் சிறியது. முதுகு பழுப்பு, வயிறு வெள்ளை. அந்த வெள்ளை, மார்புக்கும் மடித்த இறக்கைக்கும் நடுவே ஆப்பு போல மேலேறியிருக்கும். நின்றாலும் நடந்தாலும் வால்பக்கம் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். எழுந்தால் தண்ணீரை ஒட்டியே, இறக்கையை விறைப்பாக வெட்டி வெட்டிப் பறக்கும். அந்தப் பறத்தலை ஒருமுறை பார்த்துவிட்டால் வேறெதோடும் குழம்பாது, அவ்வளவு அழகு! இதைப் போலவே தோன்றும் இன்னொரு பறவையான பொறி உள்ளானுக்கோ முதுகெல்லாம் வெளிர்புள்ளி, வால் மேல்புறம் வெள்ளை.

பெரும்பாலும் தனியாகத்தான் இரை தேடும். உப்பனாற்றங்கரைக் கற்கள், முதுநகரில் படகு கட்டும் இடம், பிச்சாவரம் அலையாத்தி ஓரம், தேங்காய்த்திட்டு, அரியாங்குப்பம் ஆறு, ஊசுட்டேரிக் கரை என எங்கே பார்த்திருந்தாலும் சொல்லுங்கள். தினமும் படகில் போகும் அண்ணன்மார் சொன்னால் இன்னும் நல்லது.

தேதி, இடம் போதும். செல்போன் படம் மங்கலாக இருந்தாலும் அனுப்புங்கள். படத்துக்காகப் பறவையை விரட்ட மட்டும் வேண்டாம். பழைய வருடத்துப் படங்களும் உதவும்.