பேராதனை விடுதி வாழ்க்கை எப்படி இருந்தது?

மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்தை விட்டு முதல் தடவை வெளியே போகிறாள், ஒரே பயம். விடுதியில் இருந்தவர்கள் நல்ல நினைவு ஏதாவது எழுதுங்கோ, வாசித்துக் காட்டலாம்.

பதில் 1
அக்கா, பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கோ. 1952இல் கொழும்பிலிருந்து பேராதனைக்கு மாறியபோதே, மாணவர்கள் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாகத்தான் அப்போதைய துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதை நினைத்தார், அதனால் பாதிப் படிப்பு விடுதியில்தான். நான் அருணாசலம் விடுதி. விடிய எழும்பினால் ஹந்தானை மலை முகிலுக்குள் கிடக்கும். அறையில் நாலு பேருக்கு ஒரே கேத்தல், முதலில் எழும்புகிறவன் மற்ற மூன்று பேருக்கும் பிளேன்டீ ஊற்ற வேண்டும் என்பது சட்டம், அதனால் எல்லோரும் நித்திரை மாதிரி நடிப்போம்!

பதில் 2
நான் அக்பர் விடுதி. அம்மா பஸ்ஸில் கொடுத்துவிடும் பருத்தித்துறை வடையை டின்னோடு கட்டிலுக்குக் கீழே ஒளித்துவைப்பேன். மாத்தறைக்கார அறைத்தோழன் முதலில் படித்த தமிழே "வடை இருக்கா மச்சான்"தான். இன்றைக்கும் போன் எடுத்தால் அதுதான் வணக்கம். மழைக்காலத்தில் அக்பர் பாலத்தில் நின்று மகாவலி கலங்கிப் பாய்வதைப் பார்த்தே எத்தனையோ விரிவுரைகளைத் தவறவிட்டேன், அதை மட்டும் மகளுக்கு வாசிக்காதேங்கோ.

பதில் 3
வெள்ளிக்கிழமை வளாகத்தில் இருக்கிற குறிஞ்சிக்குமரன் கோயிலுக்குப் போனால் ஊர் முகங்களைக் காணலாம். அப்புறம், நல்ல தடித்த போர்வை கொடுத்துவிடுங்கோ, மார்கழியில் குளிர் சும்மா இல்லை.

கேட்டவர்
வாசித்துக் காட்டினேன். எத்தனை டின் வடை கொண்டுபோகலாம் என்று கேட்கிறாள்.