துயி – வலென்சா பாலத்தை நடந்து கடந்தவர்களிடம் ஓர் உதவி

வரும் மே மாதம் நானும் என் மனைவியும் அவசரமின்றி ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் சுற்றிப் பார்க்கவிருக்கிறோம். அதில் ஒரு நாள், ஸ்பெயினின் துயி நகரிலிருந்து மிஞ்ஞோ ஆற்றின் மீது 1886இல் திறக்கப்பட்ட இரும்புப் பாலத்தின் வழியே போர்ச்சுகலின் வலென்சாவுக்கு நடந்தே செல்ல விரும்புகிறோம். மேல்தளத்தில் ரயிலும் கீழ்த்தளத்தில் வாகனங்களும் செல்லும் அப்பாலத்தின் பக்கவாட்டு நடைபாதையில் சக்கரப் பெட்டிகளை இழுத்துச் செல்ல இடம் போதுமா? இரண்டும் ஷெங்கன் நாடுகள் என்பதால் வழக்கமான சோதனை இராது என்றாலும், கடவுச்சீட்டைக் கையிலேயே வைத்திருப்போம். (முத்திரை விழாது என்பதில் எனக்குச் சிறு ஏமாற்றம்தான்.) போர்ச்சுகலில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும், அந்தக் கூடுதல் நேரத்தையும் சேர்த்து, போர்ட்டோ ரயிலைப் பிடிப்பதற்கு முன் வலென்சா கோட்டையைப் பார்க்க எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும், அதுவரை பெட்டிகளை எங்கே வைக்கலாம் என்பதை அவ்வழியே சென்ற நண்பர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.