முதுகெலும்பு ஆப்பரேஷன் செய்த பிள்ளை விழுந்துவிட்டான், சுளுக்கு எடுக்கலாமா?

செந்தூல் அம்மா:
மகனுக்கு 5 வயது. பிறக்கும்போதே முதுகில் ஓர் எலும்பு பாதிதான் இருந்தது, முதுகு வளைந்துகொண்டே போனதால் 3 வயதில் ஆப்பரேஷன் செய்து மேல்முதுகில் கம்பி வைத்து எலும்புகளை ஒட்டவைத்தார்கள். அதற்கப்புறம் நன்றாகத்தான் ஓடி விளையாடினான். நேற்று சாயங்காலம் பிளாட் கீழே சறுக்குமரத்திலிருந்து தலைகுப்புற விழுந்தான், என் இடுப்பளவு உயரம்தான் இருக்கும். அழுதான், எழுந்து நடந்தான். ராத்திரியிலிருந்து தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருக்கிறான், படுக்கையிலிருந்து எழுந்தால் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு எழுகிறான். கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, சுளுக்குதான் என்று வலி மருந்து கொடுத்தார்கள். உருட் (மலாய் முறையில் பிடித்து நீவிவிடுவது) போடும் பாட்டியிடம் கொண்டுபோகலாம் என்கிறார் மாமியார். எனக்கு மனசு ஒப்பவில்லை. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பிறை அம்மா:
தங்கச்சி, யாரையும் அவன் கழுத்தில் கை வைக்க விடாதீர்கள், எண்ணெய் தடவக்கூட வேண்டாம். என் பையனும் இப்படித்தான் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு எழுந்தான். அவனுக்கும் முதுகில் கம்பி. நாங்கள் ஒரு நாள் முழுக்க சுளுக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தோம், கடைசியில் இரண்டாவது கழுத்தெலும்பு முறிந்திருந்தது. அந்தப் பாட்டி நல்லவராகவே இருக்கட்டும், உங்கள் மாமியாரும் பாசத்தில்தான் சொல்கிறார், ஆனால் முறிந்த கழுத்தைத் திருப்பினால் தண்டுவடம் நசுங்கிவிடலாம். இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். முதல் வார்த்தையே ‘முதுகில் கம்பி இருக்கிறது’ என்று சொல்லுங்கள், ஆப்பரேஷன் கடிதத்தையும் பழைய படங்களையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் ரூம் அண்ணன், பினாங்கு:
எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். சின்னப் பிள்ளைக்கு உடம்பின் அளவோடு பார்த்தால் தலை பெரிது, கழுத்துத் தசைக்குப் பலம் இல்லை, தசைநார்களும் தளர்வு. அதனால் 8 வயதுக்குக் கீழே அடிபட்டால் பெரும்பாலும் கழுத்தின் மேல்பகுதியில்தான் படும். இரண்டாவது எலும்பில் பல் மாதிரி நிற்கும் பகுதி, அடியில் குருத்தெலும்பால்தான் ஒட்டியிருக்கும், அது முழு எலும்பாக மாற 6 வயது வாக்கில் ஆகும். அந்த இடத்தில் கழன்றுவிடுவதுதான் இந்த வயதில் வரும் முறிவு, கார் விபத்தில் அதிகம் பார்ப்போம். இவனுக்கோ கீழே கம்பி. வளைய வேண்டிய எலும்புகள் வளையாமல் ஒரே கட்டையாக இருக்கும்போது விழுந்த வேகம் முழுவதும் மேலே அசையும் சில மூட்டுகளில் போய் இறங்குகிறது. அதனால்தான் இடுப்பளவு உயரத்தை லேசாக எடுக்கக்கூடாது என்கிறேன்.

கிளினிக் டாக்டரைக் குறை சொல்லவில்லை. வளரும் பிள்ளையின் எக்ஸ்ரேயில் குருத்தெலும்புக் கோடு முறிவு மாதிரி தெரியும், முறிவு வெறும் கோடு மாதிரி தெரியும். சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் தேவைப்படலாம். எலும்பு நன்றாக இருந்தும் தண்டுவடத்தில் அடிபட்டிருக்கலாம், கைகால் தளர்ச்சி சில மணி நேரமோ சில நாளோ கழித்துக்கூட வரும். அதனால் ‘நடக்கிறானே’ என்று இருந்துவிடாதீர்கள்.

தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள் அக்கா. மலேசிய அவசர எண் 999க்கு அழைத்து ஆம்புலன்ஸ் வரும்வரை அசையாமல் படுக்க வையுங்கள். தலையை நேராக்கிப் பார்க்க வேண்டாம், எப்படிச் சாய்த்திருக்கிறானோ அப்படியே இருக்கட்டும். இந்த வயதில் தட்டைப் பலகையில் படுக்க வைத்தால் பின்மண்டை துருத்திக் கழுத்து முன்னால் மடங்கிவிடும், தோளுக்குக் கீழே மடித்த துணி வைத்து உடம்பை உயர்த்த வேண்டும். ஆம்புலன்ஸில் வருபவர்களுக்கு இது தெரியும், இருந்தாலும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

செந்தூல் அம்மா:
அண்ணா, அக்கா, இப்போது ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறோம். சி.டி. எடுத்தார்கள். நீங்கள் சொன்ன அதே இரண்டாவது எலும்பு, குருத்தெலும்பு இருக்கும் இடத்தில் விலகி லேசாக முன்னால் சாய்ந்திருக்கிறது. தண்டுவடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்கிறார்கள், எம்.ஆர்.ஐ. காலையில். ஹாலோ (தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடிக்கும் வளையம்) மாட்ட வேண்டியிருக்கும் என்கிறார்கள், மண்டையில் திருகாணி என்றதும் எனக்குக் கைகால் ஆடிவிட்டது. மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார். பிறை அக்கா, உங்கள் பையன் இதை எப்படித் தாங்கினான்?

பிறை அம்மா:
முதல் நான்கு நாள் கஷ்டம், அப்புறம் பழகிவிட்டான். சின்னப் பிள்ளைக்கு மண்டை ஓடு மெல்லிசு என்பதால் பெரியவர்களை விட நிறைய திருகாணி போட்டு ஒவ்வொன்றையும் லேசாகத்தான் முடுக்குவார்கள். எங்களுக்கு மூன்று மாதம் இருந்தது. திருகாணி அடியைச் சுத்தம் செய்ய நர்ஸ் சொல்லிக்கொடுப்பார், சிவந்தாலோ சீழ் வந்தாலோ உடனே போய்விடுங்கள். சட்டை தலைவழியே போகாது, லிட்டில் இந்தியா தையல்காரரிடம் தோளிலும் பக்கவாட்டிலும் பட்டன் வைத்துத் தைத்து வாங்கினேன். இரண்டு இன்னும் வீட்டில் இருக்கின்றன, உங்கள் பையனுக்குச் சரியாக இருக்கும். தனிச்செய்தியில் முகவரி அனுப்புங்கள், நாளைக்கே போஸ்ட் செய்கிறேன்.