கரப்பானுக்கு நல்ல பாக்டீரியா: களிம்பை நிறுத்திட்டு மாறலாமா?

வளர்மதி: என் பையனுக்கு ரெண்டரை வயசு. கை, கால் மடிப்புல எல்லாம் கரப்பான் (எக்ஸிமா), ராத்திரி முழுக்கச் சொறியுறான். புரோபயாடிக் பொடி, அதாவது நல்ல பாக்டீரியா இருக்கிற பொடி, கொடுத்தா அடங்கும்னு சொல்றாங்க. ஸ்டீராய்டு களிம்பை நிறுத்திட்டு இதுக்கு மாறலாமா?

நுண்ணுயிரன்: கொடுத்துப் பாருங்க. 2001-ல ஃபின்லாந்துல நடந்த ஆய்வுல, ஒவ்வாமை உள்ள குடும்பங்கள்ல தாய்க்குப் பிரசவத்துக்கு முன்னாடியும், அப்புறம் ஆறு மாசம் குழந்தைக்கோ பால் கொடுக்கிற தாய்க்கோவும் லாக்டோபேசிலஸ் ஜிஜி-ங்கிற நல்ல பாக்டீரியாவைக் கொடுத்தாங்க. ரெண்டு வயசுல 23% குழந்தைகளுக்குத்தான் எக்ஸிமா. கொடுக்காத பக்கம் 46%. சரிபாதி!

தென்றல்: அது வராம தடுக்கப் பண்ண ஆய்வு. இவங்க பையனுக்கு ஏற்கெனவே வந்தாச்சு. அதே பாக்டீரியாவை வெச்சு ஜெர்மனியில திரும்பப் பண்ணினப்போ (2008-ல வெளியானது) அந்தப் பலன் கிடைக்கல. வந்த கரப்பானைக் குணப்படுத்துமான்னு 2018-ல மருத்துவ ஆய்வுகளை அலசுற காக்ரேன் அமைப்பு 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது, சுமார் 2,600 பேர். அரிப்பு, தூக்கக்கேடு ரெண்டுலயும் சொல்லிக்கிற மாதிரி குறைவு இல்ல.

நுண்ணுயிரன்: வெவ்வேறு பாக்டீரியாவை எல்லாம் ஒண்ணாக் கூட்டிப் போட்டா எதுக்குப் பலன் இருக்குன்னு எப்படித் தெரியும்? சரி, குடலை விடுங்க, தோலுக்கு வாங்க. கரப்பான் புண்ணுல ஏறக்குறைய 70% பேருக்கு ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ்-ங்கிற கெட்ட பாக்டீரியா இருக்கு. அதோட நச்சு அரிப்பைத் தூண்டுது, தோலோட தடுப்பையும் அரிக்குது. அதைக் கொல்றதே நம்ம தோல்ல வாழற இன்னொரு ஸ்டாபிலோகாக்கஸ்தான். ஹோமினிஸ் ஏ9-ங்கிற வகையை 54 பெரியவங்களை வெச்சு ஒரு வாரம் தடவிப் பார்த்தாங்க, ஆரியஸ் குறைஞ்சுது. 2021-ல நேச்சர் மெடிசின் ஆய்விதழ்ல வந்துச்சு. ஆன்டிபயாடிக் நல்லது கெட்டது பார்க்காம அழிக்குது. இது குறிபார்த்து அடிக்குது.

தென்றல்: ஆரியஸ் குறைஞ்சது உண்மை. ஆனா மொத்தமாப் பார்த்தா நோயோட தீவிரம் குறையலையே! அந்த நுண்ணுயிரால நேரடியாச் சாகிற ஆரியஸ் இருந்தவங்களுக்கு மட்டும்தான் முன்னேற்றம். ரோசியோமோனாஸ்-ங்கிற இன்னொரு தோல் பாக்டீரியாவோட கதையும் பாருங்க. 2018-ல சின்னக் குழு ஒண்ணுல அருமையா வேலை செஞ்சுது. எஃப்பி-401-னு மருந்தாக்கி, மருந்தில்லாத தெளிப்போட ஒப்பிட்டப்போ 2021-ல தோத்துப்போச்சு.

அருள்: ஸ்டீராய்டு தோலை மெலிசாக்கிடும். அதைச் சொல்லவே மாட்டேங்கிறீங்க. என் பொண்ணுக்கு நான் தடவவே விடல.

தென்றல்: அருள் அண்ணா, பொருத்தமில்லாத வீரியத்துல மாசக்கணக்காத் தடவினா மெலியும். மருத்துவர் சொன்ன அளவுல, சொன்ன நாளைக்கு மட்டும் தடவினா அந்த ஆபத்து ரொம்பக் குறைவு. தடவாம விட்டா குழந்தை சொறிஞ்சு, தோல் கிழிஞ்சு, அது வழியாத்தான் கிருமி உள்ளே போகும். அழற்சி அடங்கினாலே ஆரியஸும் குறையுது. களிம்பா பாக்டீரியாவான்னு பிரிக்கிறதே தப்பு. நிறைய பேருக்குத் தோலைக் காக்கிற ஃபிலாக்ரின் புரதத்தோட மரபணுவிலயே குறை இருக்கு, தோல் ஈரத்தைப் பிடிச்சு வைக்காது. அதனால மாய்ஸ்சரைசர் தினமும் வேணும்.

நுண்ணுயிரன்: களிம்பை நிறுத்துங்கன்னு நான் சொல்லல. வளர்மதி அக்கா, அதை மட்டும் செய்யாதீங்க. பொடியால பெரிய கெடுதல் இல்லன்னுதான் சொல்ல வந்தேன்.

தென்றல்: ஆரோக்கியமான குழந்தைக்குப் பெரும்பாலும் இல்ல. குறைமாசக் குழந்தைக்கும் எதிர்ப்புசக்தி குறைஞ்சவங்களுக்கும் அப்படிச் சொல்ல முடியாது. குறைமாசக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறது பத்தி 2023-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கையே விட்டுச்சு.

வளர்மதி: என் பையன் குறைமாசத்துல பிறந்தவன் இல்ல. இருந்தாலும் பொடி வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். களிம்பை எத்தனை நாள் தடவணும், எப்போ குறைக்கணும்னு மருத்துவர்கிட்ட தெளிவாக் கேட்டு எழுதி வாங்கிக்கறேன்.

நுண்ணுயிரன்: நல்ல முடிவு. ஆனா தென்றல், ரெண்டு ஆய்வு சறுக்கினதுக்காகத் தோல் பாக்டீரியாவையே ஒதுக்குறதை நான் ஏத்துக்கல. யாரோட ஆரியஸுக்கு எந்த நுண்ணுயிர்னு பொருத்திப் பார்த்துக் கொடுக்கிற ஆய்வு இன்னும் நிறைய நடக்கணும்.

தென்றல்: நடக்கட்டும், நானும் அதைத்தான் கேக்குறேன். அதுவரைக்கும் குழந்தைங்களுக்குன்னு விற்காதீங்க.