58 லட்சத்துக்கு கூடுவாஞ்சேரி பிளாட்: லோன் போட்டு வாங்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் வாடகையிலயே இருக்கலாமா?

விழுப்புரத்தான் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 32, மறைமலை நகர் பக்கம் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில வேலை, பிடித்தம் எல்லாம் போக கைக்கு 85 ஆயிரம் வருது. வீட்டுல அவங்க இப்ப வேலைக்குப் போகல, பாப்பாவுக்கு 3 வயசு. ஊரப்பாக்கத்துல 14 ஆயிரம் வாடகை. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் வந்ததுக்கு அப்புறம் இந்தப் பக்கம் எங்க கேட்டாலும் விலை ஏறிடுச்சு, இன்னும் ஏறும்னு சொல்றாங்க, அதான் பயமா இருக்கு.

கூடுவாஞ்சேரில ஒரு 2 பெட்ரூம் பிளாட் பார்த்தோம். 920 சதுரடி, யூடிஎஸ் (அடி நிலத்துல நம்ம பங்கு) 410, விலை 58 லட்சம். வேலை இன்னும் முடியல, அடுத்த வருஷம் சாவி தருவோம்ங்கறாங்க. கையில 14 லட்சம் இருக்கு, பேங்க்ல 46 லட்சம் வரைக்கும் தரோம்னு சொல்லிட்டாங்க. அப்பா தினமும் போன் பண்ணி வாடகை கொடுக்கறது தண்டம்டாங்கறார். மச்சான் ரியல் எஸ்டேட்ல இருக்கார், அவர் என்ன சொல்றார்னா இதை வாங்கிப் போட்டு 5 வருஷத்துல வித்துட்டு பெரிய வீடா போ, இல்லைன்னா இன்னொண்ணும் லோன்ல வாங்கி வாடகைக்கு விடு, வாடகையே இஎம்ஐய கட்டிரும், சொத்து இப்படித்தான் சேரும்ங்கறார். எனக்கு கணக்கு சரியா வர மாதிரி தெரியல, ஆனா எங்க இடிக்குதுன்னு சொல்லத் தெரியல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தாம்பரம்காரன்:

ப்ரோ முதல்ல உங்க 14 லட்சத்தையே பாருங்க. 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்கும் லோன்னா ரிசர்வ் பேங்க் ரூல்படி வீட்டு மதிப்புல 80 சதவீதம்தான், அதுலயும் பத்திரச் செலவை மதிப்புல சேர்க்க மாட்டாங்க. 58ல 80 சதவீதம் 46.4, மீதி 11.6 உங்க கைக்காசு. புது பிளாட் முதல் விற்பனைக்கு 50 லட்சத்தைத் தாண்டினா முத்திரைத்தாள் 5, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 7 சதவீதம், அது ஒரு 4 லட்சம். கட்டிட்டு இருக்கற பிளாட்டுங்கறதால ஜிஎஸ்டி 5 சதவீதம், அது 2.9. கூட்டினா பதினெட்டரை லட்சம் வருது. இதுல கார் பார்க்கிங், இபி கனெக்ஷன், அலமாரி, கிரில் எதுவும் சேரல.

குறையற நாலரை லட்சத்தை பர்சனல் லோன்ல போட்டுக்கலாம்னு யாராவது சொல்லுவாங்க, தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. கட்டி முடிச்சாச்சுன்னு கம்ப்ளீஷன் சர்டிபிகேட் வாங்கின ரெடி வீடா பார்த்தா ஜிஎஸ்டியே கிடையாது. சாவி வர்ற வரைக்கும் ஊரப்பாக்கம் வாடகையும் கட்டி, இங்க ப்ரீ-இஎம்ஐயும் (சாவி வர்ற வரைக்கும் வட்டி மட்டும்) கட்டற ரெட்டைச் சுமையும் இருக்காது.

கணக்குப்பிள்ளை:

மச்சான் சொல்ற ரெண்டு ஐடியாவையும் காகிதத்துல போட்டுப் பார்ப்போம் தம்பி, அவர் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, ஆனா உங்க குடும்பம் 20 வருஷம் சுமக்கப் போற விஷயம்.

46 லட்சம், 20 வருஷம், வட்டி எட்டரைன்னு வைங்க. இஎம்ஐ சுமார் 39,900. முதல் மாசம் கட்டறதுல 32,583 ரூபா வட்டிக்கே போயிரும், அசல்ல கழியறது ஏழாயிரத்துச் சொச்சம்தான். 5 வருஷம் ஒழுங்கா கட்டினா மொத்தம் கிட்டத்தட்ட 24 லட்சம் கட்டியிருப்பீங்க, ஆனா பாக்கி இன்னும் நாப்பதரை லட்சம் நிக்கும். அதாவது பதினெட்டரை லட்சம் வட்டி. வீட்டுக்கு பத்திரம் ஜிஎஸ்டியோட ஆன செலவு 65, வட்டியையும் சேர்த்தா எண்பத்தி மூணரை, வாடகை மிச்சமானது ஒரு 9 லட்சம்னு கழிச்சாலும் அஞ்சாம் வருஷம் 74, 75 லட்சத்துக்கு வித்தாத்தான் அசலாவது தேறும், அப்பவும் லாபம் சுழியம். அந்த நேரத்துல பக்கத்துலயே புது பில்டிங் நாலு வந்திருக்கும், உங்க வீட்டை செகண்ட் ஹேண்டா வாங்கறவருக்கு பத்திரச் செலவு முத்திரைத்தாள் 7ம் பதிவுக் கட்டணம் 2ம் ஆக 9 சதவீதம், அவர் அதையும் உங்க விலையிலதான் அடிச்சுப் பேசுவார். 5 வருஷத்துல விக்கறதா இருந்தா லோன்ல பிளாட் வாங்கவே வேண்டாம், இது என்னோட உறுதியான கருத்து.

ரெண்டாவது ஐடியா, வாடகையே இஎம்ஐ கட்டும்ங்கறது. நீங்க இப்ப இருக்கற வீடு இன்னைக்கு என்ன விலைக்குப் போகும்னு ஓனர்கிட்ட சும்மா பேச்சுவாக்குல கேட்டுப் பாருங்க. 50 லட்சம்னு சொன்னார்னு வைங்க, உங்க வாடகை வருஷத்துக்கு 1,68,000, அது மூணே கால் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. இதுல வீட்டு வரி, பெயிண்ட், ஆள் மாறும்போது காலியா கிடக்கற மாசம் எல்லாம் போனா 3 கூட நிக்காது. எட்டரை வட்டிக்கு வாங்கி மூணுக்கு விட்டா மாசாமாசம் 25 ஆயிரம் உங்க சம்பளத்துல இருந்துதான் போகணும். வேற வழியே கிடையாது.

டேக்ஸ் மிச்சமாகும்னு பேங்க்காரங்க சொல்லியிருப்பாங்க. புது வரி முறையில, குடியிருக்கற சொந்த வீட்டு வட்டிக்குக் கழிவு கிடையாது. 2025 பட்ஜெட்டுக்கு அப்புறம் 12 லட்சம் வருமானம் வரைக்கும் வரியே இல்ல, உங்க சம்பளத்துக்கு மிச்சப்படுத்த வரின்னு ஒண்ணு பெருசா இருக்காது.

அதுக்காக வீடே வாங்காதன்னு சொல்லல. கட்டிடம் வருஷாவருஷம் மதிப்பு இறங்கும், ஏறறது அடியில இருக்கற நிலம். அதனாலதான் நங்கநல்லூர் மாதிரி இடத்துல பழைய அபார்ட்மெண்ட்டை இடிச்சுக் கட்ட பில்டர்ங்க தேடி வராங்க, அங்க யூடிஎஸ் நல்லா இருக்கு. உங்களுக்கு 920க்கு 410, அவ்வளவு மோசம் இல்ல, ஆனா அந்த 410 பத்திரத்துல எழுதப்படுதான்னு பாருங்க, வாயில சொல்றது செல்லாது.

இப்போதைக்கு ஒண்ணு செய்ங்க. 40 ஆயிரம் இஎம்ஐக்கும் 14 ஆயிரம் வாடகைக்கும் நடுவுல இருக்கற 26 ஆயிரத்தை இந்த மாசத்துல இருந்தே ஆர்டில (மாசாமாசம் போடற ரெக்கரிங் டெபாசிட்) போடுங்க. ஒன்றரை வருஷம் விடாம போட முடிஞ்சா, உங்க வீட்டுச் செலவு அந்த இஎம்ஐயத் தாங்கும்னு நிச்சயமா தெரிஞ்சுரும், கையில 4.68 லட்சமும் வட்டியும் கூடியிருக்கும். நடுவுல ரெண்டு மாசம் தடுமாறினா 46 லட்சம் லோன் உங்களுக்குப் பெருசுன்னு அர்த்தம், 32 லட்சம் லோன்ல முடியற வீடா தேடுங்க, இஎம்ஐ 28க்குள்ள வரும்.

குரோம்பேட்டை அக்கா:

மேல சொன்ன கணக்கு எல்லாமே சரி, நான் மறுக்கல. ஆனா குடியிருக்கற முதல் வீட்டை முழுக்க வட்டிக் கணக்குலயே பார்க்காதீங்க தம்பி. நாங்க 2014ல குரோம்பேட்டைல பழைய பிளாட் ஒண்ணு லோன்ல வாங்கினோம், அந்த இஎம்ஐ இல்லாம இருந்தா அந்தப் பணம் எங்க கையில நின்னிருக்கவே நின்னிருக்காது, ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஊர்ல ஒரு கடன்னு போயிருக்கும். பசங்க ஸ்கூல் மாறாம படிச்சாங்க. அதுக்கு நான் விலை போட மாட்டேன்.

போனஸ் வந்தா உடனே அசல்ல கட்டிருவோம். வருஷத்துக்கு ஒரே ஒரு இஎம்ஐ கூடுதலா கட்டினாலே 20 வருஷ லோன் பதினாறரை வருஷத்துல முடிஞ்சுரும், ப்ளோட்டிங் (அப்பப்ப மாறற) வட்டிக்கு முன்கூட்டி கட்டறதுக்கு அபராதமும் கிடையாது. கட்டும்போது இஎம்ஐயைக் குறைக்காதீங்க, மாசத்தைக் குறைங்கன்னு எழுதிக் கொடுக்கணும்.

2022 மே மாசத்துல இருந்து 2023 பிப்ரவரிக்குள்ள ரெப்போ (ரிசர்வ் பேங்க் மத்த பேங்க்குக்குக் கடன் தர்ற வட்டி) 4ல இருந்து 6.5க்கு ஏறினப்ப எங்க பேங்க் இஎம்ஐய மாத்தாம மாசத்தை சத்தமில்லாம நீட்டிருச்சு, ஸ்டேட்மெண்ட் எடுத்துப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது, ரொம்ப வேதனையா இருந்துச்சு. இப்ப வட்டி மாறி ரீசெட் பண்ணும்போது இஎம்ஐய ஏத்தறதா மாசத்தை நீட்டறதான்னு நம்மளைக் கேக்கணும்னு 2023 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு, கேக்காட்டி நீங்க கேளுங்க. அப்புறம் லோனோட சேர்த்து ஒரு இன்சூரன்ஸ் தள்ளுவாங்க, ஒரே பிரீமியம், அதையும் லோன்லயே ஏத்தி அதுக்கும் 20 வருஷம் வட்டி வாங்குவாங்க. அதை வேண்டாம்னு சொல்லிட்டு தனியா டேர்ம் பாலிசி (நமக்கு ஏதாவது ஆனா குடும்பத்துக்குப் பணம் தர்றது) எடுங்க, பாப்பா சின்னது, அது கண்டிப்பா வேணும். பத்திரத்துல வீட்டம்மா பேரும் இருக்கட்டும்.

மதுராந்தகம் ரோடு:

பிளாட்டுக்கு பதிலா மனை பாருங்க நண்பா, நிலம்தான் ஏறும்னு அண்ணனே சொல்லிட்டார். ஆனா டிடிசிபி, சிஎம்டிஏ (அரசோட நகரமைப்பு அமைப்புங்க) ரெண்டுல ஒண்ணோட அப்ரூவல் இல்லாத மனை பக்கம் தலை வெச்சுக்கூட படுக்காதீங்க, 2016ல ஹைகோர்ட் தடை போட்டப்ப பத்திரம் பதிய முடியாம தவிச்சவங்க இந்த ரோட்ல நிறைய பேர். பேங்க்லயும் அப்ரூவல் இல்லாம லோன் வராது.

கணக்குப்பிள்ளை:

மனை சோறு போடாது, வாடகையும் போகும் இஎம்ஐயும் போகும். லோன் இல்லாம கைக்காசுல முடியும்னா மனை நல்லது, இவர் நிலைமைக்கு இப்ப இல்ல.

விழுப்புரத்தான்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, அக்கா உங்களுக்கும். ராத்திரி வீட்டுல உக்காந்து கணக்கு போட்டோம், ரெண்டாவது வீடு பேச்சை விட்டாச்சு, 26 ஆயிரம் ஆர்டி அடுத்த வாரம் ஆரம்பிக்கிறேன். நடுவுல நந்திவரம் பக்கம் ரெடியா இருக்கற ஒரு வீடு 45க்கு சொல்றாங்க, 8 வருஷம் பழசு. பார்க்கப் போறப்ப என்னென்ன பேப்பர் கேக்கணும்?

தாம்பரம்காரன்:

மூலப்பத்திரத்துல இருந்து வரிசையா எல்லா பத்திரமும், 30 வருஷ வில்லங்கச் சான்று (சொத்து மேல பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டறது), பட்டா, அப்ரூவ்டு பிளான், கம்ப்ளீஷன் சர்டிபிகேட், கடைசி வீட்டு வரி ரசீது. பவர் ஏஜென்ட் (ஓனர் சார்பா கையெழுத்து போட அதிகாரம் வாங்கினவர்) எழுதிக் கொடுத்த பத்திரம் நடுவுல இருந்தா, பவர் கொடுத்தவர் அன்னைக்கு உயிரோட இருந்தாரா, பவரை ரத்து பண்ணாம இருந்தாரான்னு பாருங்க, நிறைய பேர் இங்கதான் மாட்டறாங்க. விக்கறவர் லோன்ல வாங்கின வீடா இருந்தா பேங்க்ல எழுதின எம்ஓடி (பத்திரத்தை அடமானம் வெச்சதுக்கான பதிவு) ரத்தாகி வில்லங்கத்துல ரசீது ஏறியிருக்கணும். பேங்க் வக்கீல் பார்ப்பார்தான், ஆனா அவர் பார்க்கறது பேங்க்குக்காக, அதனால நீங்களும் தனியா ஒரு வக்கீல்கிட்ட கொடுத்து லீகல் ஒப்பீனியன் வாங்கிட்டு அப்புறமா அட்வான்ஸ் கொடுங்க.